யார், எப்போது பேசுவது? தொலைதூர டேட்டா லாகர்களின் ரேடியோ அமைப்புகள்

டேட்டா லாகர் ஒரு சின்னப் பெட்டி. மழைமானியோ நீர்மட்ட உணரியோ எதைப் பொருத்தினாலும், குறித்த இடைவெளியில் அளவெடுத்து நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு 12 வோல்ட் பேட்டரியும் சோலார் பேனலும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். அளவெடுப்பதில் அதற்குச் சிரமமே இல்லை. எடுத்த அளவை உரிய நேரத்தில் அலுவலகத்தில் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

செல்போன் கோபுரங்கள் இத்தனை நிற்கும்போது சொந்தமாக ரேடியோ எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். கோபுரம் எட்டாத காடும் மலையும் இன்னும் நிறைய உண்டு என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன் சேவை விழுந்துவிட்டது. மழைமானி பேசியே ஆக வேண்டிய நேரத்தில்தான் பொது வலையமைப்பு ஊமையாகிறது. எனவே வெள்ள எச்சரிக்கை, அணைப் பாதுகாப்பு போன்ற வேலைகளில் சொந்த ரேடியோ வலையமைப்புக்கு இன்றும் இடம் இருக்கிறது. அந்த ரேடியோக்களில் எந்தெந்த அமைப்பை எப்படி வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்றுதான். தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது. போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். ஆனால் வலையமைப்புகள் பெரும்பாலும் தூரத்தால் சாவதில்லை. யார் எப்போது பேசுவது, யார் எப்போது விழித்திருப்பது என்பதைச் சரியாக வகுக்காததால் சாகின்றன. நேரம் தொடர்பான அமைப்புகளே முதன்மையானவை, திறனும் ஆன்டெனாவும் அவற்றுக்கு அடுத்துத்தான் என்பது என் வாதம். ஆனாலும் தூரத்திலிருந்தே தொடங்குகிறேன், அதை விரைவாக முடித்துவிடலாம் என்பதால்.

தூரத்தின் கணக்கு

முதலில் அலைவரிசை. அது நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை. இந்தியாவில் 2005-இல் 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டை உரிமம் இன்றித் திறந்துவிடப்பட்டது; டிரான்ஸ்மிட்டர் திறன் 1 வாட் வரை இருக்கலாம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ரேடியோவை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி இங்கே பொருத்துவது வெறும் சட்டமீறலோடு நிற்பதில்லை. இங்கே 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை செல்போன்கள் கோபுரத்தை நோக்கிப் பேசும் பட்டை. அந்த ரேடியோ அதன் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். தானும் கேட்காது, பிறரையும் கேட்க விடாது.

அடுத்து திறன். 866 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு, இடையில் எதுவும் இல்லாத வெட்டவெளியில், அலை இழக்கும் வலிமை ஏறத்தாழ 111 டெசிபெல். தூரம் இரட்டித்தால் இன்னும் 6 டெசிபெல் போகும். திறனை இரட்டித்தாலோ கிடைப்பது 3 டெசிபெல்தான். அதாவது இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு திறன் வேண்டும். சட்டமும் பேட்டரியும் அதற்கு இடம் தராது.

திறனைக் கூட்டுவதை விட ஆன்டெனாவை உயர்த்துவது பலன் தரும். இரு ஆன்டெனாக்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு இருந்தால் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் எனப்படும் நீள்வட்ட வெளியும் பெருமளவு காலியாக இருக்க வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்புள்ளியில் அதன் ஆரம் 29 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 17 மீட்டருக்கு மேல், மரமும் மேடும் இல்லாமல் இருக்க வேண்டும். கோடையில் சோதித்து நன்றாக இருந்த இணைப்பு பருவமழைக்குப் பின் தடுமாறுவதற்குக் காரணம் இந்த மண்டலத்துக்குள் தழைத்து நனைந்து நிற்கும் இலைகள்தாம். இதை எதிர்பார்த்தே குறைந்தபட்சத் தேவைக்கு மேல் 20 டெசிபெலாவது உபரி வைக்கச் சொல்வார்கள். கேபிளையும் மறக்கக் கூடாது. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் 10 மீட்டர் போட்டால் இந்த அலைவரிசையில் 5 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். ரேடியோ தந்த திறனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆன்டெனாவுக்குச் சேராது. தடித்த கேபிளுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால்

1970களில் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையினர் கலிபோர்னியாவில் அலர்ட் என்ற வெள்ள எச்சரிக்கை முறையை உருவாக்கினார்கள். அதன் எளிமை வியக்கத்தக்கது. மழைமானியில் ஒரு சின்ன வாளி இருக்கும். 1 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் அது கவிழும். கவிழ்ந்த உடனே ரேடியோ விழித்து, தன் எண்ணையும் ஒரு கணக்கையும் 300 பாட் வேகத்தில் சொல்லிவிட்டு மறுபடி உறங்கும். பதில் எதிர்பார்ப்பதில்லை. ரிசீவரே தேவையில்லாததால் பேட்டரிச் செலவு மிகக் குறைவு. மழை இல்லாத நாளில் வலையமைப்பு கிட்டத்தட்ட முழு அமைதியில் இருக்கும்.

மழை வலுக்கும்போதுதான் சோதனை. 50 நிலையங்கள் ஒரே அலைவரிசையில் இருக்கின்றன, ஒவ்வொரு செய்தியும் ரேடியோ சூடேறும் நேரத்தையும் சேர்த்து 0.3 விநாடி வானலையைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை எல்லா இடத்திலும் கொட்டினால், ஒவ்வொரு நிலையமும் நிமிடத்துக்கு ஒரு முறை பேசும். நிமிடத்துக்கு 50 செய்திகள், 15 விநாடி பேச்சு. அலைவரிசையில் கால் பங்குதான் நிரம்பியிருக்கிறது, முக்கால் பங்கு காலி. ஆனால் யார் எப்போது பேசுவார் என்ற ஒழுங்கு இல்லாததால், ஏறத்தாழ 40 சதவீதச் செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துவிடும்.

இந்தக் கணக்குக்கு மூலம் ஹவாய்ப் பல்கலைக்கழகம். தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களை ரேடியோவால் இணைக்க நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் அமைத்த ஆலோஹா வலையமைப்பு 1971-இல் இயங்கத் தொடங்கியது. நினைத்த நேரத்தில் பேசும் முறையில் ஓர் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதத்தைத்தான் பயனுள்ளதாக்க முடியும் என்று அவர் காட்டினார். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதித்தாலே அது 36.8 சதவீதமாக இரட்டிக்கும். ஒரு வாட் திறன்கூடக் கூட்டாமல், கடிகாரத்தை மட்டும் ஒழுங்கு செய்து கிடைத்த லாபம் இது.

அலர்ட் முறையை வகுத்தவர்கள் இந்த இழப்பை அறியாதவர்கள் அல்ல. செய்தியில் அவர்கள் அனுப்பியது 'இப்போது 1 மில்லிமீட்டர் பெய்தது' என்பதை அல்ல. இதுவரை வாளி மொத்தம் எத்தனை முறை கவிழ்ந்தது என்பதை. 0 முதல் 2047 வரை ஓடி மறுபடி 0-க்குத் திரும்பும் தொடர் எண்ணிக்கை அது. 412 வந்து சேர்ந்தது, 413-உம் 414-உம் மோதிப் போயின, 415 வந்தது என்றால், இடையில் 3 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது என்று மையத்துக்குத் தெரிந்துவிடும். போன செய்தியை மறுபடி கேட்க வேண்டியதே இல்லை. இன்றைக்கும் ஒருவழி ரேடியோ வைக்கும் எவரும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு இது. நாளைக்கு ஒரு தடவை லாகரின் எண்ணிக்கையைச் சுழியாக்கிவிட்டு, ஒவ்வொரு மணிக்கும் பெய்த மழையை மட்டும் தனித்தனியாக அனுப்பும் நிரல்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு செய்தி தொலைந்தால் அந்த மணி நேரத்து மழை மையத்தின் கணக்கில் இல்லாமலே போகிறது.

பின்னாளில் வந்த அலர்ட்-2 முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நேரத் துண்டு உண்டு, ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பார்த்து தன் முறை வந்ததும் பேசும். பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்தது. இந்தியாவிலும் இதே திசையில்தான் நகர்ந்தார்கள். வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி நிலையங்கள் இன்சாட் செயற்கைக்கோள் வழியே புணேயில் உள்ள தரை நிலையத்துக்குத் தரவு அனுப்புகின்றன. தொடக்கத்தில் ஒரே தரவைத் தற்செயலான நேரங்களில் திரும்பத் திரும்ப அனுப்பி, ஏதாவது ஒன்று தப்பிப் பிழைத்துச் சேரும் என்று நம்பினார்கள். பின்பு நிறுவிய நிலையங்களில் நேரத் துண்டு முறை வந்தது.

நேரத் துண்டு முறைக்கு விலை உண்டு. கடிகாரம் தவறக் கூடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்கு 1.7 விநாடி விலகும். மாதத்தில் 50 விநாடிக்கு மேல். 10 விநாடித் துண்டுகள் அடுத்தடுத்து ஒதுக்கியிருக்கும் வலையமைப்பில் அது ஐந்து பேரின் இடத்தைத் தாண்டிப் போவதற்குச் சமம். ஆகவே நாளுக்கு ஒரு முறையாவது கடிகாரத்தைத் திருத்தும் ஏற்பாடும், திருத்த முடியாமல் போனால் டிரான்ஸ்மிட்டர் தானாகவே வாயை மூடிக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். தன் தரவு போகாவிட்டாலும் அடுத்தவர் தரவைக் கெடுக்கக் கூடாது என்ற இந்த நாகரிகத்தை அமைப்புகளில் எழுதி வைக்காமல் விடுவது பெரிய குறை.

லோரா என்ற ரேடியோ நுட்பம் வந்த பின் இந்தச் சிக்கல் புது வேடத்தில் திரும்பியிருக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனத்தில் பிறந்து, 2012-இல் செம்டெக் நிறுவனத்தின் கைக்குப் போன நுட்பம் அது. அதில் விரிவுக் காரணி என்ற அமைப்பை 7 முதல் 12 வரை வைக்கலாம். ஒவ்வொரு படி ஏறும்போதும் இன்னும் நலிந்த அலையைக் கேட்க முடியும். ஆனால் அதே செய்தியைச் சொல்ல எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். 7-இல் 0.1 விநாடியில் முடியும் 50 பைட் செய்தி, 12-இல் இரண்டரை விநாடிக்கு மேல் எடுக்கும். சிக்னல் வலுவாக இருக்கும் லாகர்களுக்கும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 12 வைத்துவிடுவது பரவலான பழக்கம். அப்படி வைத்த ஒவ்வொரு லாகரும் இருபதுக்கும் மேற்பட்ட லாகர்களின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவின் பல சேனல்களில் ஒரு கருவி மணிக்கு 36 விநாடிக்கு மேல் பேசக் கூடாது என்றே விதி இருக்கிறது. அந்த விதி இல்லாத இடத்திலும் அதை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

உறக்கமும் விழிப்பும்

இருவழி ரேடியோவில், மையம் கேட்டால் லாகர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு லாகரின் ரேடியோ காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பேசுவதற்கு ஆகும் மின்சாரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஆகும் மின்சாரமே பேட்டரியைக் காலி செய்கிறது. விழித்திருக்கையில் 25 மில்லியாம்பியர் இழுக்கும் ரேடியோ நாளுக்கு 600 மில்லியாம்பியர்-மணி தின்னும். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாகச் செலவிடலாம் என்று வைத்தால், வெயில் இல்லாமல் ஆறு நாள்கூடத் தாங்காது. பருவமழைக் காலத்து மேகமூட்டத்துக்கு ஆறு நாள் ஒரு பொருட்டே இல்லை. அதே ரேடியோவை விநாடிக்கு ஒருமுறை ஒரு நொடிப்பொழுது மட்டும் விழிக்கச் செய்து, சராசரி இழுப்பை 2 மில்லியாம்பியருக்குக் கொண்டுவந்தால், நாளுக்கு 48 மில்லியாம்பியர்-மணியில் வேலை முடியும்.

ஆனால் இந்த அமைப்பு தனியாக நிற்பதில்லை. விநாடிக்கு ஒருமுறை விழிக்கும் ரேடியோவை எழுப்ப வேண்டுமானால், அழைப்பவர் ஒரு விநாடிக்கும் மேலாக முன்குறியை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மையத்தின் ரேடியோவான பேஸ் ஸ்டேஷனின் முன்குறி அரை விநாடிக்கு வைத்திருந்தால், சில அழைப்புகளுக்குப் பதில் வரும், சிலவற்றுக்கு வராது. இதைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றுவார்கள், எதுவும் சரியாகாது. கேட்டதை மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்கள் இடையில் இருந்தால் ஒவ்வொரு தாவலுக்கும் இந்த ஒரு விநாடி கூடிக்கொண்டே போகும். மூன்று தாவல் தாண்டிய லாகரை எழுப்பவே மூன்று விநாடிக்கு மேல் ஆகும்போது, மையத்து மென்பொருள் இரண்டு விநாடியில் பொறுமை இழந்து மறுபடி கேட்டால், முதல் கேள்விக்கான பதிலும் இரண்டாம் கேள்வியும் நடுவழியில் மோதும். காத்திருக்கும் நேரத்தைத் தாவல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டியே வைக்க வேண்டும். ஓரளவுக்கு மேல் மறுமுயற்சி எண்ணிக்கையைக் கூட்டுவதும் இதே போன்ற கேடுதான். சிக்னல் மோசமான ஒரு நிலையம் மற்ற எல்லோரின் நேரத்தையும் தின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் நேரத்தை மனிதரே வகுக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க மேற்கு மலைகளில் பனியின் அளவைக் கண்காணிக்கும் ஸ்னோடெல் வலையமைப்பு 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. மலைகள் மறைப்பதால் நேர்கோட்டு ரேடியோ பல இடங்களில் சாத்தியம் இல்லை. அதனால் அதை அமைத்தவர்கள் எரிகற்களைப் பயன்படுத்தினார்கள். வளிமண்டலத்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து போகும் துகள் ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்கும் குறைவான ஆயுளுள்ள அயனித் தடத்தை விட்டுச் செல்கிறது. ஐடஹோவின் பாய்ஸியிலும் யூட்டாவின் ஆக்டனிலும் இருந்த தலைமை நிலையங்கள் 40 மெகாஹெர்ட்ஸ் அளவில் இடைவிடாமல் அழைத்துக்கொண்டிருக்கும். தடம் ஒன்று சரியான இடத்தில் தோன்றி அழைப்பைத் தூரத்து லாகர்மேல் தெறிக்கவிடும்போது, லாகர் உடனே அதே தடத்தின் வழியே தரவைத் திருப்பி அனுப்பிவிடும். நூற்றுக்கணக்கான நிலையங்கள், இடையில் ஒரு ரிப்பீட்டர்கூட இல்லை. எரிகற்கள் விடியற்காலையில் அதிகம், மாலையில் குறைவு என்பதால் காத்திருக்கும் நேரமும் அதற்கேற்ப மாறும். செல்போனும் செயற்கைக்கோளும் வந்து இந்த முறையைப் படிப்படியாக ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. பனியின் அளவு சில நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்ற தெளிவு இருந்ததால்தான் அது வேலை செய்தது. வெள்ளத்துக்கு இது உதவாது. தரவுக்கு எவ்வளவு தாமதம் பொறுக்கும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகுதான் மற்ற அமைப்புகளுக்குப் போக வேண்டும்.

முகவரிகள்

யூட்டா மாநிலத்தின் லோகனில் 1974-இல் தொடங்கிய கேம்பல் சயன்டிஃபிக் நிறுவனத்தின் லாகர்கள் உலகெங்கும் ஆய்வாளர்களிடம் புழங்குகின்றன. அவை பேசும் பேக்பஸ் நெறியில் ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 4094 வரை ஒரு முகவரி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது லாகரின் முகவரி 1. பத்து லாகர் வாங்கினால் பத்தும் 1. மேசையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கையில் எல்லாம் சரியாக வேலை செய்யும். களத்தில் இரண்டுக்கு ஒரே முகவரி இருந்தால், ஒரு நிலையத்தின் மழை இன்னொரு நிலையத்தின் கோப்பில் போய் எழுதப்படலாம். இணைப்பு அறுந்தால் உடனே தெரிந்துவிடும். தவறான இடத்தின் சரியான எண் மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். அதனால் முகவரிக் குழப்பம் இணைப்பு அறுவதைவிட ஆபத்தானது.

ரேடியோக்களுக்கும் தனியே வலையமைப்பு எண், அலைவரிசைகளுக்கிடையே தாவும் வரிசை என்று அமைப்புகள் உண்டு. அவற்றையும் தொழிற்சாலை வைத்தபடியே விடுவது, பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே ரேடியோவை வைத்திருக்கும் இன்னொரு துறையின் வலையமைப்போடு கலந்துவிட வழி செய்யும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கருவிகள் அவ்வப்போது அறிவிக்கும் பீக்கன் வசதியும் ரேடியோ வலையமைப்பில் பெரும்பாலும் தேவையற்றது. யார் யாருக்கு அண்டை என்பதைக் கையால் எழுதி வைத்துவிட்டு அதை அணைத்துவிடலாம். அலைவரிசையும் பேட்டரியும் மிஞ்சும்.

தூரத்திலிருந்து மாற்றுவது

2005-இல் எக்வடோரின் ரெவென்டாடோர் எரிமலையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 16 கம்பியில்லாக் கருவிகளைச் சரிவில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நிறுவினார்கள். 19 நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட அதிர்வு நிகழ்வுகள் பதிவாயின. பின்பு அவர்கள் எழுதிய அறிக்கை இந்தத் துறையில் நேர்மைக்கு எடுத்துக்காட்டு. மலைமேல் இருந்த சின்னக் கருவிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாங்கின. தடைகளுக்குப் பெரிய காரணம் கீழே கண்காணிப்பு நிலையத்தில் இருந்த கணினிக்கு அடிக்கடி மின்சாரம் நின்றதுதான். ரேடியோ வழியே நிரலை மாற்ற முயன்றபோது ஒரு கட்டத்தில் வலையமைப்பு முழுவதும் விழுந்தது. கருவிகளைத் தேடிப் போய்க் கையால் நிரலேற்றித்தான் மீட்டார்கள்.

எந்த இணைப்பின் வழியே பேசுகிறோமோ அதே இணைப்பின் அமைப்பை அதன் வழியே மாற்றுவது நுனிக்கிளையில் இருந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவது போன்றது. சில வேளை வேறு வழியே இருக்காது. வலையமைப்பு எண்ணை மாற்ற வேண்டியிருக்கிறது என்று கொள்வோம்: பேஸ் ஸ்டேஷன், நடுவில் குன்றின்மேல் ஒரு ரிப்பீட்டர், அதற்கு அப்பால் இரண்டு லாகர்கள். முதலில் மாற்ற வேண்டியது கடைக்கோடி லாகர்களை. மாற்றிய கணமே அவை நம் காதுக்கு எட்டாமல் போகும்; பதறக் கூடாது. அடுத்து ரிப்பீட்டர். கடைசியாகப் பேஸ். அப்போது எல்லாம் புதிய எண்ணில் ஒன்றாக வந்து சேரும். வரிசை பிசகி ரிப்பீட்டரை முதலில் மாற்றிவிட்டால், பேஸை மாற்றி ரிப்பீட்டரைப் பிடித்துவிடலாம். பழைய எண்ணிலேயே நிற்கும் லாகர்களோடு பேச யாரும் இருக்கமாட்டார்கள். ரிப்பீட்டரைப் பழைய எண்ணுக்குத் திருப்ப முடியாமல் போனால், பழைய எண்ணில் இன்னொரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட மலையேற்றத்தைத் தவிர்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதை நான் எல்லா நிலையத்துக்கும் வலியுறுத்துவேன். புதிய அமைப்பை ஏற்கும்போது லாகர் பழையதை அழிக்காமல் ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்துக்குள், 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், மையத்திலிருந்து ஒரு அழைப்பும் வராவிட்டால் அது தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிட வேண்டும். லாகர் நிரலில் சில வரிகளில் எழுதிவிடக்கூடிய வேலைதான். எழுதியதைக் களத்துக்கு அனுப்பும் முன், மேசைமேல் பேஸ் ரேடியோவை அணைத்து வைத்து அந்த 24 மணி நேரத்தையும் உண்மையாகவே ஓடவிட்டு, லாகர் பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.